பன்னிரண்டாவது பாட்டு

முதலிலேயே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது குடிபாலா பக்கம் சொந்தம் இருக்கலாம். அங்கே பெரிய மாட்டுக் கொட்டகை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மோர் கொடுக்கிற ஒரு அம்மாளையும் தெரிந்திருக்கலாம். தயவு செய்து இதை அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள். அவள் என் அக்கா. கண்ணில் புரை எடுத்ததிலிருந்து அவளாக எதையும் படிப்பதில்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். அந்தத் தைரியமும் முழுசாக இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நம் வயதுக்காரர்கள் ஆளுக்கொரு பைத்தியத்தைப் பிடித்துக்கொள்கிறோம். சிலர் விடியற்காலையில் நடக்கிறார்கள், சிலர் மாடியில் கத்தரிக்காய் போடுகிறார்கள். எனக்குப் பாட்டு. சின்ன வயதில் கேட்டதையெல்லாம் தேடித் தேடிப் பென் டிரைவில் சேர்க்கிறேன். "எல்லாம் போன்லயே கீதேம்மா, இத்த வேற எதுக்கு சேத்துக்கினு கீற" என்று என் மகன் கேட்கிறான். போனில் இருப்பது ஊராருடைய பாட்டு. நாம் கேசட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். நமக்கு வரிசை முக்கியம். ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டின் முதல் வாத்தியம் காதுக்குள் வந்து நின்றுவிடும். இன்றைக்கும் ஏதாவது டீக்கடையில் அதில் ஒன்று ஒலித்து, முடிந்ததும் வேறு பாட்டு வந்தால் எனக்கு என்னவோ போல் ஆகிவிடும். பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றிய கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதப்போவதில்லை.

போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது நைனாவின் பழைய ஆபீஸ் கட்டு ஒன்று கிடைத்தது. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. கட்டுக்குள் பட்டா நகல், வரி ரசீதுகளோடு ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. அக்கா கையால் தமிழில் எழுதிய பதினோரு பாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நைனாவின் சிவப்புப் பென்சில் டிக். அதோடு ஒரு கேசட் அட்டை. அதில் தெலுங்கில் பன்னிரண்டு பாட்டுகள். பதினொன்று நீல மையில், கடைசி ஒன்று பச்சை மையில். கேசட் மட்டும் இல்லை. அதைப் பார்த்ததும் இரண்டையும் கட்டுக்குள்ளேயே திரும்பச் சொருகிவிட்டேன். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பயம் தீரவில்லை.

அடுத்த மாதமே அக்காவிடமிருந்து போன் வந்தது. நெஞ்சில் அடைப்பு, திருப்பதியில் அலிபிரி பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், தேதி கொடுத்துவிட்டார்கள் என்றாள். சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற மாதிரி, "நீ பாட்டெல்லாம் சேக்கறியாமே. என் கேசட் பாட்டுங்கள போட்டு எத்துக்கினு வாடி. கார்ல கேட்டுக்கினே போறேன்" என்றாள். சரி என்றேன். போனை வைத்துவிட்டு அந்த அட்டையைத் திரும்ப எடுத்தேன்.

அந்தக் கேசட்டின் கதை இதுதான்.

அப்போது நாங்கள் சித்தூரில் இருந்தோம். நான் ஆறாம் வகுப்பு. நைனா தாலூகா ஆபீஸில் கிளார்க். எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். மளிகை லிஸ்ட், எங்கள் மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் டிக் போடுவார். அந்தக் கோடையில் அக்கா இன்டர் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை டிகிரிக்குப் போனதில்லை. அவளுக்குத் திருப்பதியில் பெண்கள் காலேஜில் சீட் கிடைத்தது, ஹாஸ்டலோடு. நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவரை நிறுத்தி, "பெரியவ திருப்பதி போறா, பி.எஸ்.ஸி." என்று சொன்னார். வெளியில் சிரிக்காத மனிதர் அவர். அந்த ஒரு மாதம் சிரித்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அக்காவுக்கு ஒரு கேசட் பதிவு செய்துகொள்ள அனுமதி கொடுத்தார். மதராஸிலிருந்து மாமா கொண்டுவந்த டேப் ரெக்கார்டர் வீட்டில் இருந்தது. பஜார் தெருவில் ரெக்கார்டிங் கடை இருந்தது. பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் நான்கு நாளில் பதிந்து கொடுப்பார்கள். அக்கா உட்கார்ந்து எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். தமிழ்ப் பாட்டைத் தெலுங்கில் எழுதினால் பாட்டே வேறாகிவிடும் என்பது அவள் கட்சி. நைனா லிஸ்டை வாங்கி இரண்டு பாட்டுகளை நீக்கினார். "இது வேணாம், காதல் ஜாஸ்தி. இதுவும் வேணாம்." மீதி பதினொன்றை வேறு தாளில் எழுதச் சொல்லி டிக் போட்டார். ஒன்றில் வீணை வரும், ஒன்று தாலாட்டு, ஒன்றில் மழை பெய்துகொண்டே இருக்கும். எல்லாம் வீட்டுக்குள் வைத்துக் கேட்கக்கூடிய பாட்டுகள்.

வயதுப் பெண் பஜார் கடைக்குப் போகக் கூடாது. அதனால் லிஸ்ட் என் கையில் வந்தது. "டியூஷன் போற வழியில குடு. நிக்காத. பேசாத. குட்த்துட்டு வந்துடு" என்றார் அம்மா.

கடைக்காரர் தெலுங்குக்காரர். நடுவயது, கழுத்தில் எப்போதும் ஹெட்போன். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நான் ஒவ்வொரு பாட்டாகப் படிக்க, அவர் அட்டையில் தெலுங்கில் எழுதிக்கொண்டார். அதுவரைக்கும் ஒரு தப்பும் இல்லை.

நான்கு நாள் கழித்து வாங்கப் போனேன். அவர் கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "பி சைடுல நாலு நிமிஷம் மிகிலிந்தி, மிச்சம் கீது பாப்பா. காலியா உட்டா நல்லாருக்காது. உனுக்கு இஷ்டமான பாட்டு ஒண்ணு செப்பு, போட்டுத் தரேன்" என்றார்.

எனக்கு இஷ்டமான பாட்டு. அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. சட்டென்று ஒன்று சொன்னேன். அதன் ஆரம்பத்தில் ரயில் கூவும். அந்தக் கூவலுக்காகத்தான் சொன்னேன், சத்தியமாக வேறு எதற்கும் இல்லை. ரேடியோவில் அது வரும்போதெல்லாம் எச்சில் கையோடு ஓடிவந்து நிற்பேன். கூவல் முடிந்ததும் போய்விடுவேன். மீதிப் பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

அவர் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார். அது பெரிதாக, சூடாக, தலையெண்ணெய் வாசனையோடு இருந்தது. கடைத்தெரு சத்தம் பட்டென்று நின்றது. பிறகு என் இரண்டு காதுக்கும் நடுவில், தலைக்குள்ளேயே, ரயில் கூவியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. இத்தனை வருடத்தில் எவ்வளவோ கேட்டுவிட்டேன், மகன் வாங்கிக் கொடுத்த விலை உயர்ந்த ஸ்பீக்கரில்கூட. அந்தக் கூவல் மறுபடி அப்படிக் கேட்கவில்லை. பதிந்து முடித்ததும் நீலப் பேனா தேடினார், கிடைக்கவில்லை. பச்சைப் பேனாவால் அட்டையில் கடைசி வரியை எழுதினார்.

வீட்டுக்குப் போகும்போது நேரமாகிவிட்டது. "ஏன்டி லேட்டு" என்றார் அம்மா. "டியூஷன்ல உட லேட்டாயிடிச்சி" என்றேன். அது ஒரு சின்னப் பொய். அதற்கு மேல் எல்லாவற்றையும் அடுக்க வேண்டியதாகிவிட்டது.

சாயங்காலம் அக்கா கேசட்டைப் போட்டாள். பதினோரு பாட்டும் வரிசையாக வந்தது. நைனா ஈசிசேரில் கண்ணை மூடிக்கொண்டு காலாட்டிக் கேட்டார். பதினொன்றாவது முடிந்ததும் அக்கா எழுந்து கையை நீட்டினாள், நிறுத்துவதற்கு. ரயில் கூவியது. நீட்டின கை அப்படியே நின்றது.

நானும் அன்றைக்குத்தான் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டேன். ஊரை விட்டுப் போகிற பெண்ணைப் பார்த்து ஒருத்தன் பாடுகிறான். அவள் போகிற ஊருக்கே அவனும் வருவானாம். அவளுக்குத் தெரியாமல் தினமும் பார்த்துக்கொண்டிருப்பானாம். நைனாவின் கால் ஆடுவது நின்றது.

எழுந்துவந்து அட்டையை வாங்கினார். லிஸ்டைக் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்தார். தமிழில் பதினொன்று, தெலுங்கில் பன்னிரண்டு. பன்னிரண்டாவது வேறு மை. "இத்த யாரு போட்டது?" என்று அக்காவைக் கேட்டார். அவள், "தெரியல நைனா" என்றாள். என் பக்கம் திரும்பினார். "நீதான வாங்கினு வந்த. கடைல இன்னா நடந்தது?"

உண்மையைச் சொன்னால் டியூஷன் பொய் வெளியே வரும். கடையில் நின்றது, பேசினது, ஊரான் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டது எல்லாம் வரும். "தெரியாது. குட்த்தாங்கோ, வாங்கினு வந்தேன்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

நைனா கடைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒவ்வொரு நாளும் அவர் செருப்பை மாட்டும்போது, இதோ கடைக்குத்தான் போகிறார் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவர் போகவே இல்லை. இப்போது எனக்குப் புரிகிறது. பஜாரில் போய், என் பெண்ணுக்கு எவன் பாட்டுப் போட்டான் என்று கேட்டால், அந்தக் கேள்வியே ஊர் சுற்றிவிடும் என்று பயந்தார். எல்லாவற்றையும் சரிபார்த்த மனிதர், சரிபார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் மானத்துக்குப் பயந்து விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக அவர் செய்தது எங்கள் பக்கத்து ஆட்கள் செய்கிற காரியம். அக்காவைக் காணிப்பாக்கத்துக்குக் கூட்டிப் போனார்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். கொடுக்கல் வாங்கல் தகராறு, எல்லைத் தகராறு, புருஷன் பெண்டாட்டி சந்தேகம், எதுவானாலும் குளத்தில் முழுகி ஈரத்துணியோடு அவர் எதிரில் சத்தியம் செய்தால் அதோடு பேச்சு முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தால் கண் போய்விடும் என்று என் வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். துண்டு பிடிக்க என்னையும் அழைத்துப் போனார்கள்.

அக்கா முழுகிவிட்டு வந்து நின்றாள். பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கல்லில் ஓடியது. பல் கிடுகிடுவென்று அடித்தது, கோடை வெயிலில். "போட்டவன் யாருன்னு தெரியாதுன்னு சாமிகிட்ட சொல்லு" என்றார் நைனா. "சத்தியமா எனுக்கு யாருன்னு தெரியாது" என்றாள் அக்கா. அது சுத்தமான உண்மை. பொய் சொன்னவள் அவளுக்கு இரண்டடி தள்ளி, காய்ந்த துண்டோடு நின்றிருந்தாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நாற்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நைனா அக்காவை முழுசாக நம்பினார். அதுதான் வினையாகிவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "அவ பொய் சொல்லல. அதான் எனுக்கு பயமாக்கீது. அவளுக்கே தெரியாம எவனோ பாத்துக்கினு கீறான். இவ எந்த ஊருக்குப் போறான்றது வரிக்கும் தெரிஞ்சி வெச்சிக்கினு கீறான். அங்க பொண்ண உட்டுட்டு நான் ஆபீஸ்ல எப்டி ஒக்காருவேன்?" ஊரிலிருந்து வருகிற புகார் மனு எல்லாம் படித்துப் படித்து அவர் மனம் அப்படி ஆகியிருந்தது. கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

பீஸ் கட்டக் கடைசி நாள் வந்தது, போயிற்று. அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து புதுத் தாவணிகளை எடுத்துப் பீரோவில் திரும்ப அடுக்கினார். அக்கா அழவில்லை. கேசட்டை நைனா எங்கோ வைத்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா எனக்கு வழக்கம்போலத் தலை பின்னிவிட்டாள். அக்கா வீட்டிலேயே இருப்பாள் என்று ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த ஒரு நிமிடத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் முழுக்கக் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக எதிர்ச்சுவர்க் காலண்டரைப் படிப்பேன், கட்டிலிலிருந்தே. தேதி தெரிந்தால் கண் இருக்கிறது. பஜார் தெருவில் கடைக்கு எதிர்ப்பக்கமாகவே நடந்தேன். அக்காவுக்கு மறு வருடம் கல்யாணம் ஆகிக் குடிபாலா போனாள். பிற்பாடு அந்தக் கடை போய் செல்போன் கடை வந்தது. அப்போதும் எதிர்ப்பக்கமாகத்தான் நடந்தேன். போன வருடம் அக்காவுக்குக் கண்ணில் புரை என்று சொன்னபோது, சாமி ஆளை மாற்றிவிட்டாரோ என்று ஒரு வாரம் நான் தூங்கவில்லை. சிரிக்காதீர்கள்.

இந்த லட்சணத்தில்தான் பென் டிரைவைத் தயார் செய்தேன். பதினோரு பாட்டையும் தேடிப் பிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. சிலதில் இந்தக் காலத்து ஆள் எவனோ டிரம்ஸ் சேர்த்து வைத்திருந்தான், அதையெல்லாம் ஒதுக்கினேன். தாலாட்டுப் பாட்டு எங்கும் கிடைக்காமல் நகரியில் ஒரு சேகரிப்பாளரிடம் போய்க் கெஞ்சி வாங்கினேன். பன்னிரண்டாவது பாட்டு மட்டும் தேடின அன்றைக்கே கிடைத்துவிட்டது. அதைப் பென் டிரைவில் போடவில்லை. போனில் வேறு பெயரில் ஒளித்து வைத்தேன். கார் திருப்பதி போய்ச் சேர்வதற்குள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆபரேஷன் டேபிளில் அவள் படுக்கும்போது என் பொய் என்னிடம் இருக்கக் கூடாது.

குடிபாலாவில் காரில் ஏறினதுமே பாட்டைப் போடச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சித்தூர் தாண்டும்வரை நான் நாலைந்து தரம் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தரமும் ஒரு நல்ல பாட்டு குறுக்கே வந்தது. பதினொன்றாவது முடிந்தது. கார் மறுபடி முதல் பாட்டுக்குப் போயிற்று.

அக்கா கண்ணைத் திறந்தாள். "கடைசி பாட்டு எங்கடி?"

"கெடைக்கலக்கா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டாள். காணிப்பாக்கம் வளைவு வந்தபோது டிரைவரிடம், "தம்பி, உள்ள திருப்பு. சாமிய பாத்துட்டுப் போலாம்" என்றாள்.

தரிசனம் முடித்து, மூச்சு வாங்குகிறது என்று குளத்துப் பக்கம் உட்கார்ந்தாள். நான் சொல்லத் தொடங்குவதற்குள் அவளே பேசினாள்.

"அந்தப் பாட்ட ஒரு வாட்டிதான் கேட்டேன். இன்னும் ஞாபகம் கீது. ரயிலு கூவும்."

"அக்கா, அது வந்து..."

"இரு, சொல்றேன். படிப்பு போனதுல எனுக்கு வருத்தந்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். உங்க மாமா நல்ல மனுஷன், கொற சொல்ல மாட்டேன். ஆனா பொண்ணு பாக்க வந்தப்ப, பால் கறப்பியான்னு கேட்டாரு. இன்னா பாட்டு புடிக்கும்னு கேக்கல. இந்த ஒடம்பு பொறந்ததுலருந்து யாரும் கேக்கல. எவனோ ஒருத்தன், மூஞ்சி தெரியாதவன், இவளுக்கு இது புடிக்கும்னு நெனச்சி போட்டாம் பாரு. பால் கறக்கறப்பல்லாம் நெனச்சிப்பேன், யாரா இருக்கும்னு. படிப்பு போச்சி. இது ஒண்ணு மிச்சம்."

அவள் என் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"நீதான வாங்கினு வந்த. நாளிக்கி உள்ள போனா எப்டியோ, தெரியாது. அதான் கேக்கறேன். கடைல யார்னா நின்னுக்கினு இருந்தானா?"

ஒருவழியாக என்னைக் கேட்டுவிட்டார்கள். அதே இடத்தில், அதே சாமிக்கு எதிரில், நாற்பது வருடம் கழித்து.

"இருந்தான்க்கா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "எப்டி இருந்தான்?"

"மாநிறம். ஒல்லியா. சட்டப்பையில பச்ச பேனா வெச்சிக்கினு இருந்தான். உங்க அக்கா எப்ப ஊருக்குப் போறாங்கன்னு கேட்டான். நான் பயந்துக்கினு சொல்லல."

"பச்ச பேனா" என்றாள் அக்கா. அட்டையின் கடைசி வரி அவளுக்கும் ஞாபகம் இருந்தது. முகம் மெதுவாக மலர்ந்தது. இன்டர் ரிசல்ட் வந்த அன்றைக்குப் பார்த்த முகம். போனை எடுத்து, வேறு பெயரில் ஒளித்து வைத்ததைத் தேடிப் போட்டேன். கிடைக்கவில்லை என்றது எப்படிக் கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. ரயில் கூவியது. முடிந்ததும், "இன்னொரு வாட்டி போடுடி" என்றாள். போட்டேன்.

மறுநாள் காலையில் அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சுவரில், நல்ல தூரத்தில், ஒரு காலண்டர் தொங்கியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். தேதி தெரிந்தது, கிழமைகூடத் தெரிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும்தான் பயம் வந்தது. மூடியிருந்த அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே, பொய் சொன்னது நான், இந்தத் தடவை ஆளை மாற்றிவிடாதே என்று காணிப்பாக்கத்துச் சாமியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.